சிபியு சத்தம் போடுகிறதா? சத்தத்தை வைத்தே பழுதைப் பிடிக்கும் வழி

டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்குள் அசைகிற பொருள்கள் மிகக் குறைவு. ஃபேன்கள், பழைய வகை ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், வாட்டர் கூலர் போட்டிருந்தால் அதன் பம்ப். அவ்வளவுதான். இடம்விட்டு அசையாமலே சத்தம் போடுபவை இன்னும் இரண்டு மூன்று உண்டு: கரண்டைச் சீராக்கும் காயில்கள், மதர்போர்டில் இருக்கும் குட்டி ஸ்பீக்கர், வெளியே யுபிஎஸ். புதிதாக ஒரு சத்தம் கிளம்பினால் சந்தேகப்பட வேண்டியவர்கள் இவ்வளவு பேர்தான்.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? மூடியைத் திறந்ததும் கண்ணில் படுகிற ஃபேனை மாற்றுகிறார்கள். சத்தம் நிற்காது. அப்புறம் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியை மாற்றுகிறார்கள். அதற்கும் நிற்காது. கடைசியில் ஹார்ட் டிஸ்க் என்று தெரியவரும்போது அதற்குள் இருந்த கல்யாண ஃபோட்டோக்கள் போயிருக்கும். இதைத் தவிர்க்கத்தான் இந்தக் கட்டுரை. எதையும் வாங்குவதற்கு முன்னால், சத்தம் எப்போது தொடங்குகிறது, எப்போது மாறுகிறது, எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள். அந்த ‘எப்போது’ தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கத்து மூடியைக் கழற்றுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். பிறகு ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். குழாயின் ஒரு முனை காதில், மறுமுனை ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்தில். சாதாரணமாகக் கேட்டால் எல்லாம் கலந்த ஒரே இரைச்சலாக இருப்பது, குழாய் வைத்ததும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும். துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, நீளமான முடி எதுவும் ஃபேன் பக்கம் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஃபேன் என்று உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. கேபினெட் ஃபேனின் நடு வட்டத்தில் பென்சிலின் ரப்பர் முனையை மெதுவாக அழுத்தி ஓரிரு நொடி நிறுத்துங்கள். சத்தம் நின்றால் அதுதான். இறக்கையில் எதையும் நுழைக்கக் கூடாது. பிராசசரின் மேல் இருக்கும் சிபியு ஃபேனையும் கிராஃபிக்ஸ் கார்டு ஃபேனையும் இப்படி நிறுத்த வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் எதையும் நுழைக்கவே வேண்டாம்.

சோதனைக்காக ஒரு ஃபேனின் ஒயரைக் கழற்றுவதாக இருந்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். சிபியு ஃபேன் இல்லாமல் ஆன் செய்தால் பல மதர்போர்டுகள் ஃபேன் எரர் காட்டி எஃப்1 அழுத்தச் சொல்லும். காதால் கேட்டு முடித்ததும் உடனே அணைத்துவிடுங்கள்.

கேபினெட்டைத் திறக்காமலே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் சத்தம் கேட்கிறதா? அப்படியானால் யுபிஎஸ் அல்லது ஸ்டெபிலைசர். ஸ்பீக்கர் ஒயரை உருவினால் நிற்கிறதா? அப்போது பிரச்சினை ஒலிப் பாதையில். கேபினெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் சத்தம் மாறுகிறதா? ஏதோ ஒரு தகடு அதிர்கிறது. கேம் விளையாடும்போது மட்டும் கூடுகிறதா? சூடு, அல்லது காயில்.

டக்... டக்... டக்... (ஹார்ட் டிஸ்க்)

இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன். மற்ற சத்தங்களில் பெரும்பாலானவை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடியவை. இது அப்படி இல்லை.

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி போல வழவழப்பான தட்டுகள் சுற்றுகின்றன. டெஸ்க்டாப் டிஸ்க்குகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 சுற்று, சிலவற்றில் 5400. அந்தத் தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் தலை மிதந்தபடி ஓடுகிறது. நம் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். அந்த இடைவெளிக்குள் ஒரு தூசி புகுந்தாலே போதும், தட்டு கீறிவிடும்.

இந்த அமைப்பிலிருந்து வரும் எல்லாச் சத்தமும் ஆபத்தானதில்லை. ஃபைல் காப்பி செய்யும்போது ‘கொரகொர’ என்று சன்னமாகக் கேட்பது தலை இங்கும் அங்கும் ஓடும் சத்தம், அது இயல்பு. அணைக்கும்போது ஒரே ஒரு ‘டிக்’ கேட்பது, தலை தன் ஓய்விடத்துக்குப் போவது. அதுவும் இயல்புதான்.

கவலைப்பட வேண்டியது இது: சீரான இடைவெளியில் ‘டக்... டக்... டக்’ என்று அடிப்பது, கூடவே கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நிற்பது, அல்லது டிஸ்க்கின் சுழற்சி நின்று மறுபடி தொடங்குவது. தட்டில் தான் எங்கே இருக்கிறோம் என்று தலைக்குத் தெரியவில்லை. தேடிப் பார்க்கிறது, கிடைக்கவில்லை, திரும்பிப் போகிறது, மறுபடி முயல்கிறது. ஒவ்வொரு ‘டக்’கும் அப்படி ஒரு தோற்றுப்போன முயற்சி. இன்னொரு ஆபத்தான சத்தம், ஆன் செய்ததும் சுழற்சியே இல்லாமல் ‘பீ... பீ’ என்று சன்னமாக முனகுவது. தலை தட்டோடு ஒட்டிக்கொண்டோ மோட்டார் இறுகியோ, சுழல முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தம். ‘சர்ர்’ என்று உலோகம் உரசும் சத்தம் கேட்டால் அந்த நொடியே பவரை நிறுத்துங்கள். தட்டு கீறப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் டேட்டா போகும் நிமிடம்தான்.

‘டக் டக்’ எப்போதாவது மட்டும் வந்து, ஃபைல்கள் இன்னும் திறக்கின்றன என்றால் முதல் வேலை காப்பி எடுப்பது. சோதனை எல்லாம் அப்புறம். திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள்: ஃபோட்டோ, சான்றிதழ் ஸ்கேன், கணக்கு ஃபைல், ஆய்வேடு. சினிமாவும் சாஃப்ட்வேரும் கடைசியில், நேரம் இருந்தால். லினக்ஸ் தெரிந்தவர்கள் யுஎஸ்பியில் லினக்ஸ் ஏற்றி டிடிரெஸ்க்யூ என்ற காப்பி எடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்தலாம். அது நன்றாகப் படிக்க வருகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பிடிவாதம் பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். நலிந்த டிஸ்க்குக்கு இதுதான் ஏற்ற முறை.

காப்பி முடிந்தபின் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். அங்கே 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள் முக்கியம். 05 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 படிக்கத் திணறிக் காத்திருப்பில் இருப்பவை. சி6 திருத்தவே முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருப்பது நல்லது. சி5 நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். சி7 என்று ஒரு வரி இருக்கும். அது ஏறினால் குற்றவாளி டிஸ்க்காக இருக்க வேண்டியதில்லை, டேட்டா கேபிளாக இருக்கலாம். சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு.

செய்யக் கூடாதவை சில. காப்பி எடுக்காமல் விண்டோஸின் செக் டிஸ்க்கை ஓட்டாதீர்கள். ஏற்கெனவே திணறும் டிஸ்க்கை மூலைமுடுக்கெல்லாம் ஓட வைத்தால், அந்த வேலையின் நடுவிலேயே அது நின்றுபோகலாம். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று இன்னும் சொல்கிறார்கள். வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரக்காற்றில் அதன்மேலும் உள்ளேயும் நீர் கோத்துக்கொள்ளும். வேண்டாம். டிஸ்க்கைத் தட்டுவது, திறந்து பார்ப்பது இரண்டும் டேட்டாவை நிரந்தரமாக இழக்கும் வழிகள். உள்ளே இருப்பது விலைமதிப்பில்லாதது, காப்பியும் இல்லை, டிஸ்க்கும் படிக்கவில்லை என்றால் அணைத்து வைத்துவிட்டு டேட்டா மீட்பு நிறுவனத்தை அணுகுங்கள். செலவு அதிகம்தான். ஆனால் நாம் குறைவாகத் தோண்டியிருந்தால் அவர்களால் அதிகமாக எடுக்க முடியும்.

எஸ்எஸ்டி மட்டுமே உள்ள கம்ப்யூட்டர் என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு இல்லை. அதில் சுழல்வது எதுவும் கிடையாது.

காலையில் ‘கர்ர்ர்’, பத்து நிமிடத்தில் அமைதி

இது ஃபேனின் பேரிங். விலை குறைந்த ஃபேன்களில் இருப்பது ஸ்லீவ் பேரிங். ஒரு சின்னக் குழாய்க்குள் எண்ணெயில் மிதந்தபடி தண்டு சுற்றுகிறது, அவ்வளவுதான். எண்ணெய் வற்றினாலோ கெட்டியானாலோ தண்டு குழாயின் சுவரில் இடிக்கிறது. கொஞ்ச நேரம் ஓடிச் சூடானதும் மீதி எண்ணெய் இளகி, சத்தம் அடங்குகிறது. சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். சில மாதத்தில் அந்தப் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகும், அப்புறம் நாள் முழுக்க. படுக்கைவாட்டில் பொருத்திய ஸ்லீவ் பேரிங் ஃபேன்கள் இன்னும் சீக்கிரம் தேயும்.

புது ஃபேன் வாங்குவதுதான் முறையான தீர்வு. 120 மில்லிமீட்டர் கேபினெட் ஃபேன் ஒன்றும் பெரிய விலை இல்லை. வாங்கும்போது பழையதன் அளவைத் திருகு துளைகளை வைத்து அளக்காமல், சட்டத்தின் வெளி ஓரத்தை வைத்து அளந்து சொல்லுங்கள். ஒயர் முனையில் இருப்பது மூன்று பின்னா நான்கு பின்னா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் என்று போட்டிருந்தால் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுக்கலாம், பல வருடம் அமைதியாக ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை, வேலை அவசரம் என்றால் எண்ணெய் விட்டு ஓட்டலாம். ஃபேனைக் கழற்றி, ஒயர் உள்ளே போகிற பக்கம் திருப்புங்கள். நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழியாமல் பாதிவரை உரித்தால், கீழே ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும். ஊசியால் நெம்பி எடுங்கள். உள்ளே பளபளப்பான தண்டின் முனையும், அதைச் சுற்றி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வளையமும் தெரியும். சுற்றிலும் கருப்பாகப் பிசுக்கு படிந்திருந்தால் அதுதான் செத்துப்போன எண்ணெய். காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். இறக்கையைக் கையால் சில சுற்று சுற்றுங்கள். மூடியைப் போட்டு, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்தபின் ஸ்டிக்கரை ஒட்டுங்கள். பசை இருந்தால் ஸ்டிக்கர் நிற்காது, எண்ணெய் கசிந்து தூசியை இழுக்கும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெய். உறையாத ஊரிலும் கொஞ்ச நாளில் பசையாகிவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். அடித்தவுடன் அருமையாக ஓடும், ஆனால் இருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். ரப்பர் மூடியே இல்லாமல் முழுக்க அடைத்த ஃபேன் என்றால் நோண்டாமல் மாற்றுங்கள்.

டிக்டிக்டிக்டிக், வேகத்துக்கேற்ப மாறுகிறது

பெரும்பாலும் ஏதோ ஒரு ஒயர் இறக்கையில் உரசுகிறது. யாராவது உள்ளே கைவைத்த மறுநாள் இந்தச் சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம். கேபிள் டை போட்டுக் கட்டிவிடுங்கள், கட்டிய வாலை நறுக்கிவிடுங்கள். ஒயர் எதுவும் தொடவில்லை என்றால் இறக்கையில் ஒன்று உடைந்திருக்கிறதா பாருங்கள். உடைந்த ஃபேன் சமநிலை தவறி முழுக் கேபினெட்டையும் ஆட்டும். நம் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு: வெதுவெதுப்பைத் தேடி உள்ளே வந்த பல்லியோ கரப்பானோ ஃபேனில் சிக்கியிருக்கலாம். பின்பக்கத்தில் கார்டு போடாத இடங்களின் தகடுகள் கழன்று விழுந்து ஓட்டையாக இருந்தால் அவற்றை அடைத்துவிடுங்கள்.

ஃபேன் ஊளையிடுகிறது

ஃபேனில் கோளாறு இல்லை, அது உயிரைக் கொடுத்து ஓடுகிறது என்றால் காரணம் சூடு. எச்டபிள்யூ மானிட்டர் போன்ற ஒரு மென்பொருளை நிறுவி வெப்பநிலையைப் பாருங்கள். மே மாதத்தில் அறையே 35 டிகிரியைத் தாண்டியிருக்கும்போது, சும்மா இருக்கும் பிராசசர் 45, 50 காட்டுவது பெரிய விஷயமில்லை. ஒன்றும் செய்யாமலே 70, 80 என்று நின்றால், அல்லது ஒரு பிரௌசரைத் திறந்ததும் 95ஐத் தொட்டால், காற்று போகவில்லை அல்லது பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பேஸ்ட் காய்ந்துவிட்டது.

டாஸ்க் மேனேஜரையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு புரோகிராம் பின்னணியில் பிராசசரை முழுதாகத் தின்றுகொண்டிருந்தால், ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் தேவையே இல்லை.

தூசி விஷயத்தில் பலர் தவறவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. சிபியு ஃபேனின் மேல்பக்கத்தைத் துடைத்துவிட்டு, சுத்தம் செய்தாயிற்று என்று மூடிவிடுகிறார்கள். தூசி உட்கார்வது ஃபேனுக்கு அடியில், அலுமினியத் தகடுகளின் தலையில். ஃபேனைத் தனியாகக் கழற்றிப் பார்த்தால், சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் தகடுகளின் இடைவெளியை முழுக்க மூடியிருக்கும். விரல் நுனியால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் அப்படியே உரிந்து வரும். அதன்மேல் எவ்வளவு வேகமாக ஃபேன் சுற்றினாலும் காற்று உள்ளே இறங்காது. அதை எடுத்துவிட்டாலே பல கம்ப்யூட்டர்கள் அடங்கிவிடும்.

புளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அது கன்னாபின்னா என்று சுற்றினால் பேரிங் கெடும். வீட்டு வேக்யூம் கிளீனரின் முனையை மதர்போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம், நிலைமின்சாரம் உண்டாகும். இதையெல்லாம் மாடியிலோ வாசலிலோ வைத்துச் செய்யுங்கள், முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு.

பேஸ்ட் மாற்றக் கூலரையே கழற்ற வேண்டும். இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு மூலையிலும் கருப்புக் குமிழ்கள் இருக்கும். மேலே போட்டிருக்கும் அம்புக்குறி திசையில் கால் சுற்று திருப்பி, மேலே இழுத்தால் கழன்றுவிடும். மாட்டும்போது குமிழ்களை எதிர்த்திசையில் திருப்பி வைத்துவிட்டு, எதிரெதிர் மூலைகளாக ‘டக்’ என்று உட்காரும்வரை அழுத்துங்கள். நான்கில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், சூடு முன்பைவிட அதிகமாகும். போர்டின் அடிப்பக்கம் தெரிந்தால் நான்கு நுனிகளும் வெளியே வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஏஎம்டியில் இன்னும் கவனம் வேண்டும். ஏஎம்4 சாக்கெட் வரையிலான பிராசசர்களில் பின்கள் பிராசசரின் அடியிலேயே இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் பசை போலப் பிடித்துக்கொண்டு, கூலரை நேராக இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். கழற்றும் முன் கம்ப்யூட்டரைச் சில நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்ததும் கூலரை இடமும் வலமும் லேசாகத் திருகி இளக்கிய பின்பே தூக்குங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதியது வைத்தால் போதும். அதிகம் வைத்தால் பலன் கூடாது.

கம்ப்யூட்டர் டேபிளில் சிபியு வைக்க என்றே கதவு போட்ட ஒரு அறை இருக்கும். அதில் பின்பக்கப் பலகை அடைத்திருந்தால் வெளியே தள்ளிய சூடான காற்றையே கம்ப்யூட்டர் மறுபடி இழுக்கிறது. வெளியே எடுத்து வையுங்கள்.

விர்... அடங்கல்... விர்... அடங்கல்

சூடு இல்லை, ஆனாலும் சில நொடிக்கொருமுறை ஃபேன் எகிறி இறங்குகிறது. பிராசசரின் வெப்பநிலை ஒரு கிளிக்கில் பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்கக்கூடியது. ஃபேன் அதன் ஒவ்வொரு துள்ளலையும் பின்தொடர்கிறது. பயாஸில் (விண்டோஸ் கிளம்பும் முன் திறக்கிற மதர்போர்டின் அமைப்புத் திரை) ஃபேன் அமைப்புக்குள் போய், வேகம் கூடுவதற்கான தாமதத்தைச் சில நொடிகளாக வையுங்கள். நான்கு பின் ஃபேனுக்கு பிடபிள்யூஎம் முறை, மூன்று பின்னுக்கு டிசி முறை என்று சரியாகத் தேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று பின் ஃபேனை பிடபிள்யூஎம் முறையில் விட்டால் அது எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன் நின்று நின்று கிளம்பினால், அது குறிப்பிட்ட வெப்பநிலைவரை ஃபேனை நிறுத்தி வைக்கும் வகை. பழுது இல்லை.

‘வம்... வம்... வம்’ என்று அலை அலையாக வந்தால் அது வேறு. ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுற்றும் இரண்டு ஃபேன்களின் ஒலி ஒன்றோடொன்று மோதுகிறது. ஏழு இறக்கை ஃபேன் நிமிடத்துக்கு 1200 சுற்று ஓடினால் நொடிக்கு 140 அதிர்வு. பக்கத்தில் இருப்பது 1230 சுற்று ஓடினால் 143.5. அந்த மூன்றரை வித்தியாசம்தான் நொடிக்கு மூன்று நான்கு முறை விம்மலாகக் கேட்கிறது. தனித்தனியாகச் சோதித்தால் இரண்டும் நல்ல ஃபேன்கள்தான். ஒன்றின் வேகத்தை 200 சுற்று குறைத்துவிடுங்கள், விம்மல் போய்விடும்.

கடகட அதிர்வு

மூடியை அழுத்தினால் நிற்கிறதா? திருகுகளை இறுக்குங்கள். மூடிக்கும் சட்டத்துக்கும் இடையில் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டலாம். ஹார்ட் டிஸ்க் நான்கு திருகுக்குப் பதில் இரண்டில் தொங்கிக்கொண்டிருப்பது அடிக்கடி பார்க்கிற காட்சி. மிச்ச இரண்டையும் போடுங்கள். ஆன் செய்தவுடன் ‘உர்ர்ர்’ என்று ராக்கெட் மாதிரி கிளம்பி அடங்கினால், டிவிடி டிரைவில் ஏதோ ஒரு பழைய டிஸ்க் கிடக்கிறது. எடுத்துவிடுங்கள். விரிசல் விட்ட டிஸ்க்கை அதில் போடவே போடாதீர்கள், அந்த வேகத்தில் உள்ளேயே சிதறும்.

வாட்டர் கூலரில் ‘களக் களக்’ என்று நீர் ஓடும் ஒலி வந்தால் குழாயில் காற்று இருக்கிறது. மொத்த அமைப்பில் பம்ப் மிக உயரமான இடமாக இருக்கக் கூடாது. ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருந்தால் காற்று அங்கே போய்த் தங்கிவிடும்.

கீஈஈ என்ற மெல்லிய சீழ்க்கை

மவுஸை உருட்டினால், ஸ்க்ரோல் செய்தால், கேம் திறந்தால் சுருதி மாறுகிறதா? அது காயில். கிராஃபிக்ஸ் கார்டிலும் மதர்போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் இருக்கும் செம்புச் சுருள்கள் வழியே மாறி மாறி ஓடும் மின்னோட்டத்தின் காந்த விசையில் அவை நுண்ணிதாக அதிர்கின்றன. காதுக்கு எரிச்சல்தான், பாகத்துக்குக் கெடுதல் இல்லை. கேமின் மெனுத் திரையில் அதிகம் கேட்கும், ஏனென்றால் வரைய ஒன்றுமில்லாத இடத்தில் கார்டு நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஃபிரேம்களைத் தள்ளும். கேமிலோ டிரைவரிலோ ஃபிரேம் அளவை மானிட்டரின் அளவான 60க்கோ 144க்கோ கட்டிவிடுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். புதுக் கார்டு தாங்க முடியாத அளவுக்குக் கத்தினால், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் மாற்றிக் கேளுங்கள்.

ங்ங்ங்... ஸ்பீக்கரில், அல்லது பெட்டியில்

ஸ்பீக்கரில் தாழ்ந்த ரீங்காரம் நிற்காமல் வந்தால், அது 50 ஹெர்ட்ஸ் வீட்டுக் கரண்ட்டின் குரல், அல்லது அதன் இரட்டிப்பான 100. கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகிப் பாருங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுரீர் என்று லேசாக உறைக்கிறதா? வீட்டில் எர்த் இல்லை அல்லது அறுந்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி மின்தேக்கிகள், எர்த் இல்லாதபோது கேபினெட்டை 230 வோல்ட்டின் பாதியான 115 வோல்ட் அருகே நிறுத்திவிடும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் உறைப்போடு நிற்கிறது. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் நாளை ஒரு உண்மையான கசிவு வந்தால் அது போக வழி இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ரீங்காரம் போகிறது என்பதற்காக பிளக்கின் மூன்றாவது பின்னை ஒருபோதும் எடுக்காதீர்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் எஸ்எம்பிஎஸ் ‘ங்ங்’ என்றால், இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். சைன் வேவ் வகையில் இது வராது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ‘சட்சட்’ என்று பொரியும் சத்தம், கூடவே கருகிய வாசனை என்றால் சுவரில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள், பிறகுதான் மற்றதெல்லாம். அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கியில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அதன் ஃபேன் மட்டும் கெட்டிருந்தாலும், அந்த வேலை பழகியவர்களிடம் கொடுங்கள் அல்லது முழுப் பெட்டியையும் மாற்றுங்கள்.

பீப்

படம் வராமல் பீப் மட்டும் வந்தால் மதர்போர்டு குறை சொல்கிறது. எத்தனை முறை, நீளமா குட்டையா என்று எழுதிக்கொண்டு போர்டின் கையேட்டில் பாருங்கள், பயாஸுக்குப் பயாஸ் கணக்கு வேறு. அவார்டு பயாஸில் ஒரு நீளமும் இரண்டு குட்டையும் வந்தால் டிஸ்பிளே. நிற்காமல் திரும்பத் திரும்ப வரும் நீளமான பீப் பெரும்பாலும் ராம். ராமைக் கழற்றி அதன் தங்கநிறப் பட்டைகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் தட்டிவிட்டு, இரண்டு பக்கக் கொக்கியும் உட்காரும்படி அழுத்தினால் நிறைய கம்ப்யூட்டர்கள் எழுந்துவிடும்.

கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே பீப் வந்தால் மேசைக்குக் கீழே குனிந்து யுபிஎஸ்ஸைப் பாருங்கள். கரண்ட் இருக்கும்போதும் கத்தினால் பேட்டரி போயிருக்கும், அல்லது பிரிண்டரை அதில் சொருகி லோடு ஏற்றியிருப்பீர்கள். சின்ன யுபிஎஸ்களில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நம் வெயிலில் இரண்டு மூன்று ஆண்டு உழைத்தால் சரி. மாலை நேரத்தில் மட்டும் ‘டக், டக்’ என்று ரிலே அடித்தால் தெருவில் வோல்ட்டேஜ் ஏறி இறங்குகிறது, யுபிஎஸ் அதைச் சரிசெய்கிறது. இந்த ‘டக்’கை ஹார்ட் டிஸ்க் என்று நினைத்துப் பயந்து வருபவர்கள் நிறைய. காதை யுபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெளிவாகிவிடும்.

கடைக்குக் கொண்டுபோவதாக இருந்தால்

சத்தம் வரும்போதே மொபைலில் பதிவு செய்துகொள்ளுங்கள். கடையின் ஏசியிலும் தெரு இரைச்சலிலும் அது கேட்காமல் போகலாம், அல்லது வண்டியில் ஆடிவந்த குலுக்கலில் தற்காலிகமாக நின்றிருக்கலாம். எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். ‘சத்தம் வருது, பாருங்க’ என்று விட்டுவிட்டு வந்தால் அவர்களும் கண்ணில் படுகிற ஃபேனிலிருந்துதான் தொடங்குவார்கள். ஹார்ட் டிஸ்க் மாற்றினால் கழற்றிய பழையதைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது செத்தது போலத் தெரிந்தாலும் உங்கள் ஆதார் நகலும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் இன்னும் அந்தத் தட்டுகளில்தான் இருக்கின்றன.